கறுப்புப் பூஞ்சை முதல் மேல்கை வரை: ஒரு சென்சாரின் பயணம்

மழைக்காலத்தில் வெங்காயம் உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் கறுப்பாகப் பொடி படிந்திருப்பதைப் பார்க்காத வீடு இருக்காது. தண்ணீரில் அலசிவிட்டு நறுக்க ஆரம்பித்துவிடுவோம். அந்தப் பொடி ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்று மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாருக்கு உயிர் கொடுப்பது இந்தப் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் ஒரு நொதிதான். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை. அதன் அடியில், தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கும் மெல்லிய இழை. இழையின் நுனியில் அந்த நொதி. மின்கலம், ரேடியோ, செல்போன் செயலி எல்லாம் அந்த நுனி கண்டறிந்ததை வெளியே கொண்டுவருவதற்காகச் சேர்க்கப்பட்டவை.

ஆய்வகக் குடுவையிலிருந்து மேல்கைக்கு வந்து சேர இந்த நொதிக்கு 80 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வழியைத் தேடிப் படிக்கும்போது ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்ற எண்ணை முதலில் பார்ப்பது யார்? ஆய்வகத்தில் இருப்பவரா, டாக்டரா, நோயைச் சுமப்பவரா? இந்தக் கருவியின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பார்த்தது நாக்கு. 1776-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் மேத்யூ டாப்சன் என்ற மருத்துவர், நீரிழிவு நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கிய வெள்ளைப் படிவைச் சுவைத்துப் பார்த்துச் சர்க்கரை என்று எழுதினார். நோயாளியின் இரத்தத்திலும் இனிப்பு இருக்கிறது என்று சொன்னவரும் அவரே. அதற்குப் பிறகு நீண்ட காலம் சர்க்கரையைச் சிறுநீரில்தான் தேடினார்கள்.

இன்று அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு பெனடிக்ட் கரைசல் நினைவிருக்கும். சோதனைக் குழாயில் அந்த நீலக் கரைசலை 5 மில்லிலிட்டர் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைப்பார்கள். குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்காதபடி சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொங்கித் தெறிக்கும். நிறம் நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்கு வந்தால் டாக்டர் முகம் மாறும். கரைசலில் உள்ள செம்பு உப்பை சர்க்கரை மாற்றுவதால் வரும் நிறங்கள் இவை. சிறுநீரில் சர்க்கரை தெரிய வேண்டுமானால் இரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டி, சிறுநீரகம் தடுக்க முடியாமல் வழியவிட வேண்டும். அப்படியானால் குழாய் காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. சர்க்கரை குறைந்து ஒருவர் மயங்கி விழும் நேரத்தில்கூடக் குழாய் நீலமாகத்தான் இருக்கும். எத்தனையோ குடும்பங்கள் அந்த நீலத்தை நம்பி உட்கார்ந்திருந்தன.

இரத்தத்தையே கேட்பதற்கு வழி செய்தது பூஞ்சை. 1928-இல் டென்மார்க்கின் டெட்லெவ் முல்லர், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரில் குளுக்கோஸை மட்டும் பிடித்து மாற்றும் நொதி ஒன்று இருப்பதைக் கண்டார். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்று பெயர். 1940-களில் பென்சிலினைத் துரத்திக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பென்சிலியம் பூஞ்சையிலிருந்து இன்னொரு கிருமிக்கொல்லி கிடைத்துவிட்டது என்று நினைத்து அதற்கு நோட்டாட்டின் என்று பெயரும் வைத்தார்கள். குளுக்கோஸ் இருந்தால் மட்டுமே அது கிருமியைக் கொன்றது. பிறகு பார்த்தால் அதே நொதிதான். குளுக்கோஸிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை எடுத்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது, ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது, அந்தப் பெராக்சைடு கிருமியைக் கொல்கிறது. மருந்தாக அது தேறவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த இரத்தத்தில் குளுக்கோஸை மட்டும் அடையாளம் கண்டு எலக்ட்ரானாக மாற்றித் தரும் ஒன்று மனிதர்கள் கைக்குக் கிடைத்துவிட்டது.

எலக்ட்ரானை எண்ணுவதற்கு மின்முனை வேண்டும். அது வேறு ஒரு கவலையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் லீலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர், இதய அறுவை சிகிச்சையின்போது இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் கருவியைச் செய்திருந்தார். அதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. வெளியே வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து காட்டவில்லை என்பது காரணம். அளக்கக் கருவி இல்லை. பிளாட்டினம் கம்பியை நேரடியாக இரத்தத்தில் வைத்தால் சிறிது நேரத்தில் புரதங்கள் மேலே படிந்து கம்பி செயலிழந்துவிடும். கிளார்க் சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் செல்லோஃபேன் தாளை எடுத்துக் கம்பியை மூடிப் பார்த்தார். பிறகு 1954-இல் பாலிதீன் சவ்வுக்குப் பின்னால் இரண்டு மின்முனைகளையும் சேர்த்து வைத்தார். ஆக்சிஜன் உள்ளே வந்தது, புரதம் வெளியே நின்றது. உடம்புக்கும் உலோகத்துக்கும் நடுவே சரியான ஒரு தோல் வேண்டும் என்ற இந்தப் பாடத்தைத்தான் அதற்குப் பின் வந்த எல்லோரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.



1962-இல் கிளார்க்கும் சாம்ப் லையன்ஸும் நியூயார்க் அறிவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு யோசனை வந்தது. ஆக்சிஜன் மின்முனையின் மேல், இரண்டு சவ்வுகளுக்கு நடுவே குளுக்கோஸ் ஆக்சிடேஸை அடைத்துவைப்போம். குளுக்கோஸ் வந்தால் நொதி ஆக்சிஜனைத் தின்னும். ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குளுக்கோஸ். உயிர்ப்பொருளையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கட்டிய முதல் பயோசென்சர் என்று உலகம் இதைத்தான் சொல்கிறது. அறுவை சிகிச்சை மேசையில் நோயாளியை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். 1967-இல் ஸ்டூவர்ட் அப்டைக்கும் ஜார்ஜ் ஹிக்ஸும் நொதியைக் கூழ்மத்துக்குள் நிலைநிறுத்தினார்கள். 1975-இல் யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் இந்த முறையில் இயங்கும் ஆய்வகக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண் துல்லியமானது. ஆனால் அது மேசைமேல் இருக்கும் கருவி. நோயாளி இரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்.

இதே காலத்தில் நொதி இன்னொரு வழியாகவும் வந்துகொண்டிருந்தது. 1965-இல் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற காகிதப் பட்டையை வெளியிட்டது. பெரிய சொட்டு இரத்தம் வைத்து, சரியாக ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் மாறியதால், நிறத்தைப் படிக்க 1970-இல் ஒரு மீட்டர் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, டாக்டர்களுக்கு மட்டுமே விற்பனை.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் 12 வயதிலிருந்து, உடம்பு இன்சுலின் சுரக்காத டைப் 1 நீரிழிவோடு வாழ்ந்தவர். முப்பதுகளிலேயே கண், சிறுநீரகம் எல்லாம் கெட ஆரம்பித்திருந்தது. இந்த மீட்டரைப் பற்றிய விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டார். நோயாளிக்குக் கிடையாது என்றார்கள். அவர் மனைவி மனநல மருத்துவர், அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்குப் பலமுறை தன் விரலைத் தானே குத்தி, இன்சுலினையும் சாப்பாட்டையும் எண்ணுக்கு ஏற்ப மாற்றி, உடம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். தன் அனுபவத்தை எழுதி அனுப்பிய கட்டுரைகளை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். 2025-இல் தன் 90-ஆவது வயதில் இறந்தார். உணவு பற்றிய அவருடைய கடுமையான விதிகளை எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் தன் எண்ணைத் தானே பார்க்க ஒரு நோயாளி மனைவியின் பட்டத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் செய்தது சரி என்று பெரிய ஆய்வு சொல்ல 1993 ஆயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளைச் சராசரியாக 6.5 ஆண்டுகள் தொடர்ந்த டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் புதிதாக விழித்திரைப் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான லோ சுகர் மூன்று மடங்கு அதிகமாக வந்தது. மேலே ஏறினால் கண்ணும் சிறுநீரகமும் போகும், கீழே இறங்கினால் இன்றிரவே உயிர் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பவருக்கு நாளுக்கு நான்கு எண் எப்படிப் போதும்? டைப் 1 குழந்தை உள்ள வீட்டில் அம்மா இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்துவது இதனால்தான்.

விரல்குத்தும் மீட்டர் இதற்குள் சட்டைப் பைக்குள் வந்திருந்தது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 1984-இல் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை எலக்ட்ரான் சுமக்க வைத்தார்கள். 1987-இல் பேனா அளவில் எக்ஸாக்டெக் மீட்டர் கடைக்கு வந்தது. இன்று நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் ஸ்ட்ரிப் டப்பாவோடு கிடைக்கும் குளுக்கோமீட்டர்கள் அதன் வாரிசுகள்.

ஆனால் மீட்டர் தருவது ஒரு நொடியின் எண். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. 120 என்று காட்டினால் அது ஏறிக்கொண்டிருக்கும் 120-ஆ, சரிந்துகொண்டிருக்கும் 120-ஆ? இன்சுலின் போடுபவருக்கு இது உயிர்க் கேள்வி. ஆகவே சென்சார் உடம்பிலேயே தங்க வேண்டும். 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்னால்டு கடிஷ் முதுகில் சுமக்கும் மூட்டை அளவுக்கு ஒரு கருவி கட்டினார். 1970-களின் இறுதியில் வந்த பயோஸ்டேட்டர், இரத்தக் குழாயிலிருந்து இரத்தத்தைத் தொடர்ந்து இழுத்து அளந்து இன்சுலின் செலுத்தியது. அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய பெட்டி, மருத்துவமனையை விட்டு நகராது. 1982-இல் ஜப்பானின் ஒசாகாவில் மொடோவாகி ஷிசிரி குழுவினர் ஊசி வடிவச் சென்சாரைத் தோலுக்கு அடியில் செருகி, உடம்பில் அணிந்து நடக்கும் கருவியைச் செய்து காட்டினார்கள். வழி தெரிந்துவிட்டது. அதில் நடப்பதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஏன் என்பதில்தான் இந்தக் கதையின் சாரம் இருக்கிறது.

உடம்பு அந்நியப் பொருளை விடுவதில்லை. இழை உள்ளே போன சில நிமிடங்களில் புரதங்கள் அதன்மேல் படியும். அடுத்து வெள்ளை அணுக்கள் வரும், அவற்றைத் தொடர்ந்து மேக்ரோபேஜ்கள் வரும். விழுங்கப் பார்க்கும், முடியாவிட்டால் ஒன்றோடொன்று கூடிப் பெரிய செல்களாகி இழையைச் சூழும். வாரக்கணக்கில் விட்டுவைத்தால் நாரிழை உறை ஒன்று கட்டிவிடும், அதற்குள் இரத்தக் குழாய்கள் குறைவு. குளுக்கோஸ் உறைக்கு வெளியே நிற்கும், சென்சார் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். காலில் முள் தைத்தால் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடுதான் இங்கே கருவிக்கு எதிராக வேலை செய்கிறது. முதல் நாள் எண்கள் தடுமாறுவதற்கும், 10 அல்லது 14 நாளில் சென்சாரைக் கழற்றி எறியச் சொல்வதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது சிக்கல் ஆக்சிஜன். தோலுக்கு அடியில் உள்ள திரவத்தில் குளுக்கோஸ் ஏராளம், ஆக்சிஜன் சொற்பம். நொதிக்கு ஆக்சிஜன் பற்றாவிட்டால் குளுக்கோஸ் ஏறினாலும் மின்னோட்டம் ஏறாது. அதனால் நொதிக்கு மேலே ஒரு சவ்வு போர்த்தினார்கள். பெரும்பாலும் பாலியூரிதேன் வகை. நீரை விரும்பும் பகுதிகளையும் நீரை வெறுக்கும் பகுதிகளையும் ஒரே சங்கிலியில் கோத்துச் செய்தது. குளுக்கோஸை மிகக் கொஞ்சமாக உள்ளே விடும், ஆக்சிஜனைத் தாராளமாக விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சவ்வைச் செய்வதில்தான் நிறுவனங்களின் காப்புரிமைகள் பலவும். செயலியும் புளூடூத்தும் விளம்பரத்தில் வருகின்றன. என்னைக் கேட்டால் இந்தக் கருவியின் உண்மையான சாதனை இந்தச் சவ்வுதான்.

ஆக்சிஜனையே வேண்டாம் என்று சொன்னவர் ஆடம் ஹெல்லர். 1933-இல் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் நாஜி முகாமில் அடைபட்டு உயிர் தப்பியவர். இஸ்ரேலில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்து, பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நொதியின் நடுப்பகுதி புரதத்துக்குள் ஆழப் புதைந்திருக்கிறது, மின்முனையால் அதை நேரே தொட முடியாது. ஆஸ்மியம் உலோகம் கலந்த பாலிமர் இழைகளை நொதியோடு பின்னிவிட்டு, எலக்ட்ரான்கள் அந்த இழை வழியாகத் தாவித் தாவி மின்முனைக்கு வரும்படி செய்தார் ஹெல்லர். நொதிக்கு வயரிங் போடுவது என்றே அவர் அதைச் சொன்னார். அவர் மகன் எஃப்ராயிம் 1996-இல் தெராசென்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2000-இல் அவர்களுடைய ஃப்ரீஸ்டைல் மீட்டர் ஒரு மைக்ரோலிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இரத்தத்தில் அளந்தது. 2004-இல் அபாட் நிறுவனம் அதை வாங்கியது. அந்த வயரிங்தான் 2014-இல் ஐரோப்பாவில் ஃப்ரீஸ்டைல் லிப்ரேயாக மேல்கைக்கு வந்தது. 14 நாள் தாங்கும், தொழிற்சாலையிலேயே அளவு சரிபார்த்து வரும், விரல் குத்தி ஒப்பிடத் தேவையில்லை.

அதற்கு முன் வந்தவற்றையும் சொல்லிவிட வேண்டும். 1999-இல் மினிமெட் நிறுவனத்தின் கருவிக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண், மூன்று நாள். ஆனால் அணிந்திருப்பவருக்கு எதையும் காட்டாது. கழற்றி டாக்டரிடம் கொடுத்தால் அவர் கணினியில் இறக்கிப் பார்ப்பார். மறுபடியும் எண் டாக்டருக்கே. 2001-இல் குளுக்கோவாட்ச் வந்தது. குத்தாமல், லேசான மின்னோட்டத்தால் தோல் வழியாகத் திரவத்தை இழுத்து அளக்கும் கைக்கடிகாரம். பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. வியர்த்தால் அளப்பதை விட்டுவிடும். லோ சுகரின் முதல் அறிகுறியே வியர்வை என்பதை நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளில் அது சந்தையை விட்டுப் போனது. 2006-இல் டெக்ஸ்காம் வந்தது, எண்ணை அணிந்தவருக்கே உடனுக்குடன் காட்டியது.

அடுத்த அடியை எடுத்துவைத்தது நிறுவனம் அல்ல, ஒரு அப்பா. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜான் காஸ்டிக்கின் மகனுக்கு 2012-இல் நான்கு வயதில் டைப் 1 வந்தது. பையன் பள்ளியில் இருக்கும்போது அவன் இடுப்பிலுள்ள ரிசீவரில் எண் ஓடுகிறது, அலுவலகத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தெரியவில்லை. 2013-இல் அவர் தானே நிரல் எழுதி டெக்ஸ்காம் ரிசீவரிலிருந்து எண்ணை எடுத்து இணையத்துக்கு அனுப்பி, தன் கையில் வரவழைத்தார். பெற்றோர்களும் நிரலாளர்களும் சேர்ந்து அதை நைட்ஸ்கவுட் என்ற இலவச மென்பொருளாக்கினார்கள். காத்திருக்க மாட்டோம் என்பது அவர்களுடைய முழக்கம். 2015-இல் டெக்ஸ்காம் நிறுவனமே பகிர்வு வசதியோடு கருவியைக் கொண்டுவந்தது. இரவு இரண்டு மணி அலாரத்தை அம்மா வைக்க வேண்டியதில்லை, சர்க்கரை இறங்கினால் மட்டும் போன் எழுப்பும். இன்று இன்சுலின் பம்ப் சென்சாரின் எண்ணைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிறது. அந்த வகையில் முதல் கருவிக்கு 2016-இல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவு தூரம் வந்த பொருளிடம் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அளப்பது இரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தை. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இல்லாத லோ சுகரைக் காட்டி எழுப்பிவிடும். பாரசிட்டமால் மாத்திரை சில மாடல்களிலும், அதிக அளவு வைட்டமின் சி வேறு சில மாடல்களிலும் எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், ஏனென்றால் அவையும் மின்முனையில் எலக்ட்ரான் கொடுக்கின்றன. பசையும் தொல்லை தரலாம். 2017-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆய்வு, லிப்ரே அணிந்தவர்களின் தோல் அழற்சிக்கு ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற ஒட்டுப்பொருளைக் காரணமாகக் காட்டியது. நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் உடம்பு ஒன்று சொல்லி, சென்சார் வேறு சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள்.

நொதி தப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதும் நடந்திருக்கிறது. பிக்யூக்யூ என்ற துணைக்காரணியோடு கூடிய வேறு நொதி கொண்ட சில ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணின. வயிற்று டயாலிசிஸ் திரவத்தில் உள்ள ஐகோடெக்ஸ்ட்ரின் உடம்பில் மால்டோஸாக மாறும். இல்லாத சர்க்கரையைப் பார்த்து இன்சுலின் போடப்பட்டு நோயாளிகள் இறந்தார்கள். அப்படி 13 மரணங்களைக் குறிப்பிட்டு அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2009-இல் எச்சரித்தது. ஒரு எண்ணை நம்பி மருந்து செலுத்தும் இடத்தில் பூஞ்சையின் நொதி எவ்வளவு கண்டிப்பானது என்பது வேதியியலோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

குத்தாமல் அளக்கும் ஆசை இன்னும் தீரவில்லை. கண்ணீரில் அளக்கும் கான்டாக்ட் லென்ஸை கூகுள் 2014-இல் அறிவித்தது. கண்ணீரும் இரத்தமும் ஒத்துப்போகவில்லை என்று 2018-இல் அந்த வேலை நிறுத்தப்பட்டது. வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். 2016-இல் பெர்க்லியில் செய்த வியர்வைப் பட்டை அழகான ஆய்வு, ஆனால் இன்சுலின் அளவை முடிவு செய்ய அதை நம்ப முடியாது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இணையக் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு அப்படி ஒரு கடிகாரத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள், பெற்றோருக்குப் பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை தருவது உள்ளே இருப்பதை மேம்படுத்தும் வேலை. எவர்சென்ஸ் என்ற சென்சார் முழுவதையும் தோலுக்குள் வைத்துவிடுகிறார்கள். நொதிக்குப் பதிலாக, குளுக்கோஸைத் தொட்டால் ஒளிரும் செயற்கைப் பொருள் அதில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு சிலிக்கோன் வளையம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டு அழற்சியை அடக்குகிறது. 2018-இல் 90 நாள் தாங்கியது, 2024-இல் ஒரு ஆண்டு தாங்கும் பதிப்புக்கு அனுமதி கிடைத்தது. நேர்மின், எதிர்மின் இரண்டையும் சமமாகத் தாங்கி நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்களைச் சென்சாரின் மேல் பூசி, புரதமே ஒட்டாமல் செய்யும் முயற்சிகளும் பல ஆய்வகங்களில் நடக்கின்றன.

இந்தியாவுக்கு லிப்ரே 2015-இல் வந்தது. வந்தது டாக்டர்களுக்கான பதிப்பு, அணிந்தவருக்கு எண் தெரியாது. அந்தப் பதினான்கு நாள் வரைபடத்தைப் பார்த்துத்தான் பல மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் இரவு நேரச் சரிவுகளையும், இட்லிக்குப் பிந்தைய ஏற்றத்தையும் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். அணிந்தவரே பார்க்கும் பதிப்பு பிறகு வந்தது. ஒரு சென்சார் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பதினான்கு நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26, ஒன்றேகால் லட்சத்துக்கு மேல்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம். இவர்கள் எல்லோருக்கும் சென்சார் வேண்டுமா என்றால், வேண்டாம். மாத்திரையில் கட்டுப்பாடாக இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் அவ்வப்போது விரல்குத்தலும் போதும். நோயே இல்லாதவர்கள் ஆரோக்கியத்துக்கென்று ஒட்டிக்கொள்வது இப்போது பெருநகரங்களில் நாகரிகமாகியிருக்கிறது. அதில் காசு செலவாவதைத் தவிர நிரூபிக்கப்பட்ட பலன் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட வாழ முடியாத டைப் 1 குழந்தைக்கு இது கண். இருபது வயதுக்கு உட்பட்ட டைப் 1 நோயாளிகள் இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் மதிப்பிட்டது. பிரிட்டனில் 2022 முதல் டைப் 1 உள்ள எல்லோருக்கும் சென்சார் வழங்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டல்.

சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. மொத்தமாக வாங்கினால் விலையைப் பேசிக் குறைக்கும் பலமும் மாநிலத்துக்கு உண்டு. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் வாங்கும் டைப் 1 குழந்தைகளின் பட்டியலை எடுத்து, முதலில் அவர்களுக்கு மட்டுமாவது சென்சாரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அணிந்த குழந்தையும் பெற்றோரும் எண்ணைத் தாங்களே பார்க்கும் பதிப்பாகவே அதைக் கொடுக்க வேண்டும்.